தீபாவளி நிகழ்ச்சியில் நான் வாங்கிய வீடு

கேமராவுக்கு முன்னால் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தவை. நானாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றால் என் அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் குடியிருந்த, தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யும்படி ஆனது. என் நடிப்பு வாழ்க்கையைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் இதற்குள்தான் வரும்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா கொழுந்து லோரி ஓட்டினார். அம்மா கொழுந்து வெட்டினார். ‘வெட்டினார்’ என்று எழுதியிருப்பதை அச்சகத்தில் யாரும் ‘பறித்தார்’ என்று திருத்திவிட வேண்டாம். எங்கள் மலையில் விரலால் கிள்ளும் காலம் எப்போதோ போய்விட்டது. அம்மா காலத்தில், வெட்டிய கொழுந்து விழப் பெட்டி வைத்த கத்திரி. இப்போது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்கும் மிஷின். படங்களில் மட்டும்தான் பெண்கள் இன்னும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி கிள்ளுகிறார்கள்.

நான் முதன்முதலில் நடித்ததும் அப்படி ஒரு படத்தில்தான். பள்ளி முடித்துவிட்டு பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்த படக்குழு அங்கே தங்கியது. பாட்டுக்குப் பின்னணியில் நிற்க நிஜமான தோட்டத்துப் பெண்கள் ஐந்து பேர் வேண்டும் என்றார்கள். அம்மாவையும் அவரோடு வேலை செய்த நான்கு பேரையும் அழைத்துப் போனேன். ஐந்து பேரும் கத்திரியோடு வந்து நின்றார்கள். இயக்குநர் பதறிப்போனார்.

“கத்திரியெல்லாம் வேணாம்மா. இந்தக் கூடைய மாட்டிக்கிட்டு ரெண்டு விரலால அழகா கிள்ளுங்க.”

கூடைகள் பிரிஞ்சாங் சந்தையில் அன்று காலை வாங்கியவை. பூ வைக்கிற கூடைகள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்படிக் கிள்ளுனா சாயந்தரத்துக்குள்ள ஒரு கிலோ தேறாதுங்க. பாக்குறவங்க எனக்கு வேல தெரியாதுன்னுல்ல நெனப்பாங்க” என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். மற்ற நால்வரும் கூடையை மாட்டிக்கொண்டார்கள். ஆள் குறைந்ததால் அம்மாவின் கூடையை நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு வெட்கமே இல்லை, சிரித்துக்கொண்டே கிள்ளினேன். இயக்குநர் என்னைத்தான் அருகில் வைத்து எடுத்தார்.

அம்மா அப்படிப்பட்டவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு மக்கர் பண்ணினால், கங்காணி அம்மாவைத்தான் கேட்பார். அம்மா ஒரு எடை சொன்னால் அதையே எழுதிக்கொள்வார்கள். அதில் அம்மாவுக்குப் பெருமை உண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் முகத்தில் தெரியும்.

அடுத்த ஆண்டே கோலாலம்பூர் போய்விட்டேன். பெரிய கதை ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வருடம் தாதியாக, பக்கத்து வீட்டுக்காரியாக, கல்யாண வீட்டில் தட்டு தூக்குகிறவளாக வந்தேன். பிறகு தங்கை, பிறகு கதாநாயகி. கதாநாயகியாக ஆறு தொடர், இரண்டு படம். முப்பத்தைந்து வயதில் அம்மாவாகிவிட்டேன். என்னைவிட மூன்று வயது இளைய ஒருவருக்கு அம்மாவாக நடிக்கச் சொன்னபோது சண்டை போட்டேன். அப்புறம் போய் நடித்தேன். இங்கே தமிழ்த் தொடர் எடுக்கிறவர்களிடம் ரொம்ப நாள் கோபித்துக்கொள்ள முடியாது, மொத்தமே ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சேலை நம்முடையது, நகை நம்முடையது, பெரும்பாலும் மேக்கப்பும் நம்முடையது. இரண்டு தொடருக்கு நடுவில் நாலு மாதம் சும்மா இருக்க வேண்டி வரும். அப்போது கல்யாணங்களில் அறிவிப்பாளர் வேலை, விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பது, பெண்களுக்கு மேக்கப் போடுவது. எதையும் கேவலமாக நினைத்ததில்லை.

நடுவில் கல்யாணமும் ஆனது. ஏழு வருடத்தில் பிரிந்தோம். வீடு அவர் பெயரில் இருந்தது, அவரோடு போய்விட்டது. நான் ஒரு அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் வாடகைக்கு வந்தேன்.

படப்பிடிப்புக்கென்றே ஒரு வீடு உண்டு. ஊருக்கு வெளியே இரண்டு மாடி வீடு, உள்ளே வளைந்து போகும் மரப்படி, வாசலில் ஒரு மாங்கன்று. உரிமையாளர் அதை நாடகக்காரர்களுக்கு மட்டும் விடுவார். பத்துத் தொடராவது அங்கே எடுத்திருப்போம். திரைச்சீலையை மாற்றினால் பணக்காரன் வீடு, சோபாவைத் தூக்கிவிட்டால் ஏழை வீடு. அந்த வீட்டில் எனக்குக் குறைந்தது நான்கு முறை கல்யாணமாகியிருக்கிறது. மாடிப்படியில் உருண்டு செத்தும் போயிருக்கிறேன்.

அந்த வருடம் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியையும் அதே வீட்டில்தான் எடுத்தார்கள். கலைஞர்கள் உட்கார்ந்து பேசுவது, பலகாரம் சாப்பிடுவது. என் பக்கத்தில் ஒரு இளம் நடிகை. துறைக்கு வந்து மூன்று வருடம்தான் இருக்கும். அப்பா அம்மாவுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்ததைச் சொல்லி அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அறிவிப்பாளர் உடனே என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நீங்க இருபத்தஞ்சு வருஷமா இந்தத் துறையில இருக்கீங்க. தோட்டத்துல கஷ்டப்பட்ட அம்மாவுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?”

என்ன கேள்வி இது? மாதாமாதம் மருந்து, அரிசி, ஒரு குளிர்ச்சட்டை, டீவி, அதைத்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டியது. இருபத்தைந்து வருடத்துக்கு அது பத்தாது என்று தோன்றியது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மாவுக்கும் ஒரு வீடு வாங்கியாச்சு” என்றேன். “மூணு ரூம். அம்மா அங்க நிம்மதியா இருக்காங்க.”

கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது. அதுதான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியாத விஷயம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் போக்கிடம் இல்லாதவர்களைத் துரத்துவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ஆபீசுக்குப் போய், ‘எனக்கோ என் பிள்ளைகளுக்கோ சொந்த வீடு இல்லை’ என்று ஆபீஸ் எழுத்தரான கிராணி முன்னால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். இன்னொரு வருடம் இருக்கலாம். அப்பா இறந்த பிறகும், தான் ஓய்வு பெற்ற பிறகும் அம்மா அப்படித்தான் இருந்தார். நான் ஒரே பிள்ளை. அந்தத் தாளைப் பற்றி எனக்குத் தெரியும். சோபாவில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

நிகழ்ச்சியை அம்மா வீட்டில்தான் லைனே கூடிப் பார்த்திருக்கிறது. நான் பேசி முடித்ததும் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்களாம். அம்மா முறுக்குத் தட்டை நீட்டினாராம்.

நான்கு நாள் கழித்து கிராணி கூப்பிட்டு அனுப்பினார். கிராணி நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த மூன்று குடும்பங்கள் வீட்டுக்காகக் காத்திருந்தன. அவர் தலையில்தான் எல்லாம் விடியும்.

“அக்கா, பாப்பா வீடு வாங்கியிருக்குன்னு டீவில பாத்தேன். சந்தோஷம். ஆனா நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல வேற மாதிரில்ல இருக்கு? துரை கேட்டா நான் என்னா சொல்றது?”

மகள் சொன்னது பொய் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

“இப்பதான் வாங்குச்சு கிராணி. நானே வந்து சொல்லணும்னு இருந்தேன்” என்றாராம் அம்மா. மாதக் கடைசிக்குள் காலி செய்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. போனில், “கொஞ்ச நாளு ஒன்கூட வந்து இருக்கட்டுமாம்மா?” என்று அம்மா கேட்டார். வாங்கம்மா என்றேன். மலையில் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லோரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்கினார். காலை ஏழு மணி. நான் ஷூட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து டிரைவர் ஒவ்வொன்றாக இறக்கினார். இரண்டு பெட்டி, சாமி படங்கள், அப்பா படம், கடைசியாக அம்மிக்கல். கொஞ்ச நாள் இருக்க வருகிறவர் யாராவது அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வருவாரா?

“என்னம்மா இது?”

“வீட்ட குடுத்துட்டேன்.”

லிஃப்டில் போகும்போது முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். ஒன்பதாவது மாடி வருவதற்குள் என் இருபத்தைந்து வருடத்து மானமும் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம்.

“பொய்யின்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே? நான் சும்மா சொன்னேன்மா.”

“அவ்ளோ பேரு பாத்தாங்க. என் மக பொய் சொல்றான்னு நான் போயி சொல்றதா?”

“அதுக்காக வீட்டக் குடுப்பியா?”

“வீடுதானே” என்றார் அம்மா. சொல்லிவிட்டு அம்மிக்கல்லை வைக்க இடம் தேடினார்.

கோலாலம்பூர் வெயில் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வருடம் முழுக்கக் குளிர்ச்சட்டை போட்ட உடம்பு. மின்விசிறிக்கு நேர் கீழே பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி இருப்பார். கீழே இறங்கினால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. நான் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை யாரோடும் பேச்சில்லை. அம்மாவுக்கு ஒரே துணை போன். லைனில் எதிர்வீட்டில் இருந்த அத்தை தினமும் கூப்பிடுவார். இருவரும் முப்பது வருடம் ஒரே தேயிலை நிரையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கொழுந்து வெட்டியவர்கள்.

ஒருநாள் ஷூட்டிங் சீக்கிரம் முடிந்து வந்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமாக்கா, மேல மூணு ரூம்பு. கீழ பெரிய ஹாலு. மாடிப்படி மரத்துல வளஞ்சு போவும். வாசல்ல ஒரு மாங்கன்னு.”

படப்பிடிப்பு வீடு. அதே மாடிப்படி, அதே மாங்கன்று. அம்மா பார்த்த நல்ல வீடு அது ஒன்றுதான், அதுவும் டீவியில். என் பொய்க்கு அம்மா செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கதவருகில் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். அழுகை வந்தது.

அத்தை விடுகிற ஆள் இல்லை. பால் காய்ச்சும்போது ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று பிடித்துக்கொண்டார். அம்மா திணறிப்போய், இன்னும் பால் காய்ச்சவில்லை, நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். லைனில் பதினோரு பேர் சேர்ந்து வேனுக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குவதாக ஏற்பாடு. அத்தை பால் பானை வாங்கி மஞ்சள் கட்டி வைத்திருந்தார்.

நான் அம்மாவிடம் சொல்லாமல் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்குக் காரை ஓட்டினேன். நேராகத் தோட்டத்து ஆபீஸ். இப்போது மானேஜராக இருக்கும் துரை என்னைவிட இளையவர், பேராக்கில் பிறந்த தமிழர். துரை என்ற பெயர் மட்டும் வெள்ளைக்காரர் விட்டுப் போனது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, அவர் மனைவி என் தொடரை விடாமல் பார்ப்பதாகச் சொன்னார். நான் உட்காராமலே சொன்னேன். வீடு இல்லை, வாங்கவில்லை, டீவியில் சொன்னது பொய். அம்மா சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்னது.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார்.

“ஆனா நீங்க சொல்றது பத்தாதுக்கா. கையெழுத்துப் போட்டது உங்கம்மா. சொன்னது உண்மையில்லன்னு அவங்கதான் எழுதிக் குடுக்கணும். இல்லாட்டி நாளைக்கு எல்லாரும் இப்படியே வந்து நிப்பாங்க.”

வீடு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மலை இறங்கினேன். அம்மா கேட்டதும் முகம் கறுத்துவிட்டது.

“ஒன்ன யாரு போகச் சொன்னா? நான் ஆபீஸ்ல வச்சு ஒண்ணு சொல்லிட்டு வந்தேன். நீ போயி அது பொய்யின்னு சொல்லிட்டு வந்துட்டியா?”

மூன்று நாள் பேசவில்லை. சோறு வைப்பார், பேச மாட்டார். நான் என் பொய்யை ஒப்புக்கொள்ளப் போனதாக நினைத்திருந்தேன். அம்மாவின் பொய்யைத்தான் போய்ச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான்காம் நாள் காலை சாமி படங்களைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அவங்க வேன் எடுத்துட்டு வர்றதுக்குள்ள நம்ம போயிருவோம்.”

அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். கிராணி மலாய் மொழியில் தட்டி வைத்திருந்த கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். ‘என் மகள் தொலைக்காட்சியில் வீடு வாங்கியதாகக் கூறியது உண்மையல்ல. அதை நானும் உண்மையெனக் கூறிவிட்டேன்’ என்று தொடங்கியது.

“மொத வரிய எடுத்துருங்க” என்றார் அம்மா.

“எதுக்குக்கா?”

“மக சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒங்ககிட்ட சொன்னது நானு. நான் பொய் சொன்னேன்னு மட்டும் போடுங்க.”

“இருக்கட்டும்மா, அதான் உண்மை” என்றேன் நான்.

“கையெழுத்துப் போடறது நீயா, நானா?”

கிராணி என்னைப் பார்த்தார். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் அந்த வரியை எடுத்து, அடுத்ததைத் திருத்தி மறுபடி அச்செடுத்துக் கொண்டுவந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆபீசில் நடந்தது எங்களுக்கு முன்னால் லைனுக்கு எட்டியிருந்தது. சாமான்களை இறக்கும்போது எல்லோரும் வாசலில் நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. எதிர்வீட்டு அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவரிடம் போனேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

“தப்பு என்னோடது அத்த. டீவில பொய் சொன்னது நான்தான். அம்மா மேல கோவப்படாதீங்க.”

அத்தை என்னைக் கொஞ்சமும் கோபமில்லாமல் பார்த்தார்.

“நீ சொன்னத யாரு பெருசா எடுத்துக்கிட்டா? டீவில நாலு வார்த்த அப்படி இப்படி பேசறதுதானேலா ஒன் வேல. உங்கம்மா எனக்கு போன்ல சொன்னுச்சே. மாடிப்படி வளஞ்சு போவுது, மாங்கன்னு நிக்கிதுன்னு. முப்பது வருஷம் பக்கத்துல நின்னவகிட்ட.”

அம்மா அப்பா படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். திரும்பவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. அம்மா அதே வீட்டில் இருக்கிறார். அத்தை ஆறு மாதத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். குழம்பு வைத்தால் கிண்ணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது. நான் மலைக்குப் போனால் லைனே கூடி என்னோடு படம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் கதையில் என்ன நடக்கும் என்று கேட்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன், அப்படியே நம்புகிறார்கள். போன மாதம் நான் அங்கே இருந்தபோது, நாளைக்குத் தண்ணீர் வராதாம் என்று அம்மா வாசலில் நின்று சொன்னார். அத்தை சரி என்று தலையாட்டினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடைசி வீடு வரைக்கும் நடந்து போய், உண்மைதானா என்று கேட்டுவிட்டு வந்தார்.